பின்னணியை நிரப்பும் சுகம்: கேன்வாஸில் கம்பளி நூல் தையல்

கேன்வாஸ் தையல் பழகத் தொடங்குகிறவர்களில் பலர் நடுவிலிருக்கும் பூவையோ பறவையையோ ஆசையாக முடித்துவிடுவார்கள். சுற்றியுள்ள வெறும் பின்னணிக்கு வந்ததும் கை நின்றுவிடும். ஒரே நிறம், ஒரே தையல், ஆயிரக்கணக்கில் என்று மலைத்துப்போய் வேலையைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இந்தக் கைவேலையில் மனம் ஓய்வெடுக்கும் இடமே அந்தப் பின்னணிதான். அங்கே எண்ண வேண்டாம், படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம், நிறம் மாற்ற வேண்டாம். ஊசி ஏறி இறங்கும் தாளம் பிடிபட்டுவிட்டால் கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்; காதால் பாட்டுக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். அலுப்புத் தட்டுகிறது என்றால் பெரும்பாலும் நூலின் நீளத்திலோ ஊசியின் அளவிலோ தையல் வகையிலோ ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது என்று பொருள். நூல் முறுக்கிக்கொள்ளும், கேன்வாஸ் கோணிக்கொள்ளும், விரல் வலிக்கும். அந்தப் பிசகுகளை முன்கூட்டியே தவிர்த்து, ஒரு சிறிய குஷன் உறையை முழுதாகத் தைத்து முடிப்பது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

இதற்கு நீடில்பாயிண்ட் என்றும், இங்கிலாந்தில் டேபஸ்ட்ரி என்றும் பெயர். தறியில் நெய்யும் சித்திரத் திரைச்சீலை வேறு. இது ஊசியால் தைப்பது. சதுரச் சதுரமாகத் துளைவிட்டு நெய்து, கஞ்சியேற்றி விறைப்பாக்கிய பருத்தித் துணிதான் கேன்வாஸ். மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: மேட்டியில் பூவைத் தைத்துவிட்டுத் துணியை அப்படியே விட்டுவிடலாம். இங்கே ஓர் இழைகூட வெளியே தெரியக்கூடாது; மொத்தப் பரப்பையும் நூல் மூட வேண்டும். அதனால்தான் இது உட்காரவும் சாயவும் தாங்கும் கனமான துணியாகிறது. 1930களில் லூயிசா பெசல் என்பவரின் வழிகாட்டலில் வின்செஸ்டர் பேராலயத்துக்காகத் தன்னார்வலர்கள் மண்டியிடும் மெத்தைகளையும் இருக்கைக் குஷன்களையும் இதே கேன்வாஸ் வேலையில் செய்துகொடுத்தார்கள். முழங்கால் பட்டுத் தேயும் இடத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இதன் உறுதிக்குச் சான்று.

வீட்டில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கும் கலையாக இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், ஹார்ட்விக்கின் பெஸ் எனப்படும் ஷ்ரூஸ்பரி சீமாட்டியும் அவரும் தைத்த விலங்கு, பறவைச் சித்திரங்கள் நார்ஃபோக்கில் உள்ள ஆக்ஸ்பரோ மாளிகையில் இன்றும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கட்டத்தாளில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு கட்டம் ஒரு தையல் என்பதால், வரையத் தெரியாதவர்களும் பார்த்துத் தைக்க முடிந்தது. இன்று நாம் பயன்படுத்தும் கட்ட வரைபடங்கள் அந்த வழியில் வந்தவை.

கேன்வாஸ், நூல், ஊசி

கேன்வாஸில் மூன்று வகை கிடைக்கும். மோனோ கேன்வாஸில் ஒற்றை இழைகள் ஒன்றன் மேல் ஒன்றாக மாறிமாறி ஓடும். இழைகள் சற்றே நகரும். இன்டர்லாக்கில் இழைகள் ஒன்றையொன்று பின்னிப் பிடித்திருப்பதால் நகராது, வெட்டினாலும் எளிதில் பிரியாது. பெனலோப் வகையில் இழைகள் இரட்டை இரட்டையாக இருக்கும். பழகுவதற்கும் உழைப்பதற்கும் மோனோ நல்லது. பின்னால் சொல்லப்போகும் தையல் முறை முழுப் பலன் தருவதும் அதில்தான்.

அங்குலத்துக்கு எத்தனை துளை என்பதுதான் கேன்வாஸின் எண். 10, 12, 14, 18 ஆகியவை பரவலானவை. முதல் வேலைக்கு 10 எண் எடுங்கள். 18 எண்ணில் ஒரு சதுர அங்குலத்துக்கு 324 தையல். 10 எண்ணில் 100தான். நுணுக்கமாக வரும் என்று நினைத்து 18இல் தொடங்குகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

10 எண் கேன்வாஸுக்கு டேபஸ்ட்ரி கம்பளி நூல் ஒற்றை இழை சரியாக நிரம்பும். டிஎம்சியின் கோல்பேர் நூல் ஒரு கண்டு 8 மீட்டர்; ஆங்கர், ஆப்பிள்டன்ஸ் டேபஸ்ட்ரி நூல்கள் கண்டுக்கு 10 மீட்டர். ஸ்வெட்டர் பின்னும் நூலைப் பயன்படுத்தலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். வேண்டாம். பின்னல் நூல் இழுத்தால் நீள வேண்டும் என்றே முறுக்கப்பட்டது. துளைக்குள் போய் வரும்போது நீண்டு மெலியும், பிறகு சுருங்கிக் கேன்வாஸைக் காட்டிக்கொடுக்கும். அக்ரிலிக் நூல் கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகத் திரளும்.

நம் ஊர் வெயிலில் கம்பளி கையில் கசகசக்கிறது என்பவர்கள் எம்ப்ராய்டரிக்கு வாங்கும் ஆறிழைப் பருத்தி நூலிலேயே தைக்கலாம். அதற்குக் கேன்வாஸ் நெருக்கமாக இருக்க வேண்டும்: 18 எண்ணுக்கு நான்கு இழை, 14 எண்ணுக்கு ஆறு இழை என்று தொடங்கி, ஓரத்தில் ஓர் அங்குலம் தைத்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து மறுபடி சேர்த்துக் கோர்த்தால்தான் அவை தட்டையாகப் பரவி நன்றாக மூடும். கண்டிலிருந்து வெட்டியதை அப்படியே கோர்த்தால் கயிறுபோல் திரண்டு நிற்கும்.

ஊசி, முனை மழுங்கி, காது நீண்டிருக்கும் டேபஸ்ட்ரி ஊசி. எண் கூடக்கூட ஊசி மெலியும். 10 எண் கேன்வாஸுக்கு 18ஆம் எண் ஊசி, 12க்கும் 14க்கும் 20, 18க்கு 22. நூல் கோர்த்த ஊசியைத் துளையில் விட்டால் தடையில்லாமல் இறங்க வேண்டும். இழுத்துத் துளையை விரிக்க வேண்டியிருந்தால் ஊசி பெரிது. காதில் நூல் நசுங்கி உரசுகிறது என்றால் ஊசி சிறிது.

சட்டம் கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் வேலை நேராக வரும். தச்சரிடம் சொல்லி ரீப்பர் கட்டையில் 12 அங்குலச் சதுரச் சட்டம் அடித்து வாங்கி, கேன்வாஸை அதன்மேல் இழுத்து 2 செ.மீ.க்கு ஒரு டிராயிங் பின் குத்துங்கள். தட்டினால் மேளத்தோல் மாதிரி விறைப்பாக ஒலிக்க வேண்டும். துணி எம்ப்ராய்டரிக்குப் பயன்படும் வட்ட வளையத்தை இதற்குத் தொடவே வேண்டாம். விறைத்த கேன்வாஸில் அது விடும் மடிப்பு போகாது, தைத்த கம்பளியும் நசுங்கிவிடும்.

எவ்வளவு வாங்குவது

8 அங்குலச் சதுரக் குஷன் என்று வைத்துக்கொள்வோம். 10 எண் கேன்வாஸில் அது 80க்கு 80, ஆக 6,400 தையல். பழகிய கை மணிக்கு 400 தையல் போட்டால் 16 மணி நேர வேலை. தினமும் அரை மணி என்றால் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே.

நடுவில் 30க்கு 30 கட்டத்தில் ஓர் இலையோ பூவோ வைத்துக்கொள்ளுங்கள். அது 900 தையல். மீதி 5,500 பின்னணி. ஒரு சதுர அங்குலத்துக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் வீணாகும் நுனிகளையும் சேர்த்து, சுமார் 1.25 மீட்டர் நூல் பிடிக்கும். பின்னணிக்கு 55 சதுர அங்குலம், ஏறத்தாழ 69 மீட்டர். 10 மீட்டர் கண்டு என்றால் ஏழு, எட்டாக வாங்குங்கள். 8 மீட்டர் கண்டு என்றால் ஒன்பது, பத்தாக வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே சாயத் தொகுதி எண் இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். வெவ்வேறு தொகுதியின் நிறவேறுபாடு கடையில் தெரியாது. தைத்து முடித்த பரப்பில் ஒரு பட்டையாகத் துலங்கும். நடுச் சித்திரத்துக்கு நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு கண்டு போதும்.

பின்னணி நிறத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். வேலையின் பெரும்பகுதி நேரம் உங்கள் கண் பார்க்கப்போவது அதைத்தான். கடைசியாக மிச்சமிருக்கும் நிறத்தைப் பின்னணிக்குத் தள்ளும் பழக்கம்தான் பல வேலைகளைக் கெடுக்கிறது. பகல் வெளிச்சத்தில், சித்திரத்தின் நிறங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உங்களுக்கு மிகவும் பிடித்ததை எடுங்கள். அடர் நிறம் என்றால் தையலிடையே வெள்ளைக் கேன்வாஸ் புள்ளி புள்ளியாகப் பல்லிளிக்கும். அதற்கு முன்னேற்பாடாகக் கேன்வாஸின் மேல் அதே சாயலில் நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தை மெல்லப் பூசி, துளை அடையாமல் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள்.

கேன்வாஸைத் தயார் செய்தல்

நாலு பக்கமும் 2 அங்குலம் விட்டு 12 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். வெட்டிய ஓரம் கம்பளியைப் பிய்க்கும், இழையும் உதிரும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வார்கள். நம் வெயிலில் அதன் பசை இளகி நூலில் ஒட்டும்; எடுத்தால் போகாது. பருத்தி நாடாவை மடித்து வைத்து மெஷினில் ஓர் ஓட்டு ஓட்டிவிடுவது மேல். மேல்பக்க நாடாவில் ‘மேல்’ என்று எழுதிவையுங்கள். பாதி வேலையில் கேன்வாஸைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துவிட்டால் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

நடுத்துளையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கட்டத்தாளைப் பார்த்து எண்ணித் தைக்கலாம். எண்ணப் பிடிக்காதவர்கள் படத்தைத் தடித்த கறுப்புக் கோட்டில் வரைந்து கேன்வாஸுக்கு அடியில் வைத்தால் துளை வழியாகக் கோடு தெரியும், அதைப் பிரதியெடுக்கலாம். நீரில் கரையாத பேனாவால் மட்டும் வரையுங்கள். பென்சில் கரி கம்பளியில் ஏறி அழுக்காக்கும். பால்பாயிண்ட் மை, கடைசியில் ஈரமாக்கி நேர்ப்படுத்தும்போது கசிந்து மேலே வரும். அதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. எந்தப் பேனாவானாலும் ஒரு துண்டுக் கேன்வாஸில் கோடு போட்டு, காய்ந்தபின் ஈரத்துணியால் அழுத்திச் சோதித்த பிறகே தொடுங்கள்.

ஒரே முகம், மூன்று முதுகு

அடிப்படைத் தையல் ஒன்றே ஒன்று: நெடுக்கிழையும் குறுக்கிழையும் வெட்டிக்கொள்ளும் ஒரு சந்திப்பின் இடது கீழ்த் துளையில் ஊசி மேலே வந்து, வலது மேல் துளையில் உள்ளே போகும். சின்னதாகச் சாய்ந்த ஒரு கோடு. எல்லாத் தையலும் இதே பக்கம் சாய வேண்டும். ஆனால் ஒரு தையலிலிருந்து அடுத்ததற்கு ஊசி பின்பக்கம் எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்து மூன்று முறைகள் உண்டு. முன்னால் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும்.

முதலாவது ஹாஃப் கிராஸ். பின்னால் ஊசி செங்குத்தாக ஓர் இழை மட்டும் இறங்கும். மற்ற முறைகளைவிடக் கால் பங்குக்கு மேல் நூல் மிச்சமாகும். ஆனால் பின்பக்கம் மெலிந்து போகும். மோனோ கேன்வாஸில் தையல் இழைகளுக்கு இடையே நழுவவும் செய்யும். இன்டர்லாக்கிலும் பெனலோப்பிலும் சுவரில் மாட்டும் படத்துக்கு இது போதும். குஷனுக்குப் போதாது.

இரண்டாவது கான்டினென்டல். வலமிருந்து இடமாக வரிசை போகும். பின்னால் நீளமான சாய்வுத் தையல் விழும். பின்பக்கம் நன்றாக மூடும், ஆனால் முன்னும் பின்னும் எல்லா நூலும் ஒரே பக்கம் சாய்ந்து இழுப்பதால், சதுரமாகத் தொடங்கிய கேன்வாஸ் தள்ளிவிட்ட கதவுநிலைபோலக் கோணிவிடும். இலை நரம்பு, பூக்காம்பு, ஒற்றை வரிக் கோடுகள் இவற்றுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பாஸ்கெட்வீவ். பின்னணிக்கு இதுதான். வரிசைகள் குறுக்காக அல்லாமல் மூலைவாட்டில் ஏறி இறங்கும். பின்பக்கம் கூடை முடைந்ததுபோல நேரிழைகள் ஒன்றுக்குள் ஒன்று போய், இழுப்பு எல்லாப் பக்கமும் சமமாகிவிடும். கேன்வாஸ் அவ்வளவாகக் கோணாது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் கேன்வாஸைத் திருப்ப வேண்டியதும் இல்லை. மனம் ஓய்வெடுக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது இந்தத் தையலை வைத்துத்தான்.

பாஸ்கெட்வீவ் போடும் விதம்

நிரப்ப வேண்டிய பகுதியின் வலது மேல் மூலையில் தொடங்குங்கள். மூலைச் சந்திப்பில் முதல் தையல். அதற்கு நேர் இடப்பக்கம் இரண்டாவது. இப்போது இறங்க வேண்டும்: இரண்டாவது தையலை முடித்த துளையிலிருந்து ஊசி பின்னால் நேர் கீழாக இரண்டு குறுக்கிழைகளைக் கடந்து மேலே வரும். அங்கே போடும் மூன்றாவது தையல், முதல் தையலுக்கு நேர் கீழே அமைந்திருக்கும். நான்காவது, மூன்றாவதற்கு நேர் கீழே. இனி ஏற்றம்: நான்காவதை முடித்த துளையிலிருந்து ஊசி பின்னால் இடப்பக்கமாக, படுக்கைவாட்டில் இரண்டு நெடுக்கிழைகளைக் கடந்து மேலே வரும். ஐந்தாவது, ஆறாவது இப்படியே இடது மேலாக ஏறும். மேல் விளிம்பை எட்டியதும் ஏழாவதை அதன் இடப்பக்கத்தில் போட்டுவிட்டு மறுபடி இறங்குங்கள்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: இறங்கும்போது ஊசி நிற்கும், ஏறும்போது ஊசி படுக்கும். விளிம்பில் மட்டும் ஒரு தையல் பக்கத்திலோ கீழேயோ நகர்ந்து திரும்பும். ஒரு மணி நேரத்தில் கைக்குப் பிடிபட்டுவிடும். இடது கைக்காரர்கள் இடது கீழ் மூலையில் தொடங்கி, வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தும்.

இன்னொரு நுட்பம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பரப்பு பட்டுப்போல வரும். மோனோ கேன்வாஸை உற்றுப் பாருங்கள். ஒரு சந்திப்பில் நெடுக்கிழை மேலே ஓடும், அடுத்ததில் குறுக்கிழை மேலே ஓடும். பாவும் ஊடையும் மாறிமாறி மேலே வருவதால், மூலைவாட்டில் பார்த்தால் ஒரு வரிசை முழுக்க நெடுக்கிழை மேலே, அடுத்த வரிசை முழுக்கக் குறுக்கிழை மேலே இருக்கும். நெடுக்கிழை மேலே தெரியும் வரிசையில் இறங்குங்கள்; குறுக்கிழை மேலே தெரியும் வரிசையில் ஏறுங்கள். எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தாலும், அடுத்து ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்பதைக் கேன்வாஸே சொல்லிவிடும். தெரியாமல் அடுத்தடுத்து இரண்டு வரிசை ஒரே திசையில் போட்டுவிட்டால், முன்பக்கம் மூலைவாட்டில் மெல்லிய வரப்பு ஒன்று எழும். எத்தனை இழுத்தாலும் போகாது. தைக்கும்போது தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது தெரியும். எழுந்து போகும்போது வரிசையை முடிக்காமல் நடுவில் நிறுத்திவிட்டுப் போவது நல்ல பழக்கம். திரும்பி வரும்போது திசையில் சந்தேகம் வராது.

மூலைத் தையலின் சந்திப்பில் நெடுக்கிழை மேலே இருந்தால், சித்திர எல்லையை ஓர் இழை நகர்த்திக்கொண்டு தொடங்குங்கள். பின்னால் எந்தக் குழப்பமும் இருக்காது.

நூலோடு பழகுதல்

45 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். ஒரு நூல் முடிவதற்குள் அதன் ஊசிப் பக்கத்துப் பகுதி அறுபது எழுபது முறை விறைத்த துளைகளில் உரசிவிடும். நீளம் கூடினால் கடைசித் தையல்கள் மெலிந்து, முதலில் போட்டவற்றோடு சேராது. 45 செ.மீ. நூலில் 10 எண் கேன்வாஸில் ஏறத்தாழ 30 முதல் 35 தையல் வரும். உங்கள் கையில் எவ்வளவு வருகிறது என்று ஒரு முறை எண்ணிவைத்துக்கொண்டால் மிச்ச வேலைக்கு எத்தனை கண்டு தேவை என்று துல்லியமாகக் கணக்கிடலாம்.

கம்பளி நூலை எச்சில் தொட்டுக் கோர்க்க முடியாது. நுனியை ஊசியின் மேல் மடித்து, மடிப்பை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, ஊசியை உருவிவிட்டு, அந்த மடிப்பையே காதுக்குள் அழுத்துங்கள், வழுக்கிக்கொண்டு போகும். இரு விரலிடையே நூலை இரண்டு பக்கமும் உருவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பாக உருவும் திசையில் நூல் துளைக்குள் போகும்படி கோர்த்தால் பிசிறு எழாது.

தொடக்கத்தில் பின்னால் முடிச்சுப் போட்டால் முன்னால் புடைத்துத் தெரியும். நூல் நுனியில் முடிச்சிட்டு, தைக்கப்போகும் பாதையில் 3 செ.மீ. தள்ளி முன்பக்கத்திலிருந்து ஊசியை உள்ளே விடுங்கள். முடிச்சு முன்னால் நிற்கும். தையல்கள் பின்னால் ஓடும் நூலைப் பிடித்துக்கொண்டே வரும். முடிச்சை எட்டியதும் நறுக்கிவிடலாம். முடிவில் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் 2.5 செ.மீ. நுழைத்து ஒட்ட வெட்டுங்கள். நேர்நெடுக்காகவோ நேர்குறுக்காகவோதான் நுழைக்க வேண்டும். மூலைவாட்டில் நுழைத்தால் முன்னால் மேடு தெரியும். எல்லா நூலையும் ஒரே நேர்கோட்டில் முடிக்காதீர்கள், அங்கேயும் மேடு விழும். கறுப்பு நூலை வெள்ளைத் தையல்களின் முதுகில் ஒளித்தால் சாம்பல் நிழலாக முன்னால் தெரியும்.

வெற்றுத் துளையில் மேலே வாருங்கள், ஏற்கெனவே நூல் இருக்கும் துளையில் கீழே போங்கள். எதிர்மாறாகச் செய்தால் ஊசி பழைய தையலைப் பிளந்து பிசிறை மேலே இழுத்துவரும். பாஸ்கெட்வீவில் இது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். ஐந்தாறு தையலுக்கு ஒரு முறை ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும். முறுக்கேறிய நூல் மெலிந்து, கேன்வாஸ் தெரியும், முடிச்சும் விழும்.

இறுக்கம்தான் பழக வேண்டிய விஷயம். நூல் கேன்வாஸின் மேல் படிந்து உட்கார்ந்தால் போதும். இழையை இழுத்து வளைக்கக்கூடாது. துளைகள் பெரிதாகத் தெரிந்தால் இறுக்கம் அதிகம். அடியில் விரல் விட்டால் நூல் தூக்கிக்கொண்டு வந்தால் குறைவு. சட்டத்தில் தைக்கும்போது ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் வைத்து, குத்தி இறக்கி, குத்தி ஏற்றித் தையுங்கள். விறைத்த கேன்வாஸில் ஒரே வீச்சில் ஊசியைக் கோதி எடுக்க முயன்றால் இறுக்கம் தவறும், மணிக்கட்டும் வலிக்கும்.

உட்காருவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைக்குத் தேய்த்த எண்ணெயும் கைக்குப் போட்ட கிரீமும் வெளிர்நிறக் கம்பளியில் அன்றைக்குத் தெரியாது. தூசி படிந்த பிறகுதான் தெரியும்.

பிழை திருத்தம்

ஒன்றிரண்டு தையல் என்றால் ஊசியைக் கழற்றிவிட்டு ஊசிக் காதால் நூலைத் தூக்கி எடுங்கள். அதிகமானால் முன்பக்கத்தில் தையலை மட்டும் சிறு கத்தரியால் வெட்டி, பின்னாலிருந்து இடுக்கியால் பிசிறோடு எடுங்கள். பிரித்த கம்பளியை மறுபடி பயன்படுத்தாதீர்கள், உயிர் போயிருக்கும்.

கை தவறிக் கேன்வாஸ் இழை அறுந்துவிட்டால் பதற வேண்டாம். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அறுந்த இழை போன வழியிலேயே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் தள்ளி, மேலும் கீழுமாக நெய்துவிடுங்கள். இரண்டு மூன்று இழை போயிருந்தால் அதே எண் கேன்வாஸில் ஒரு துண்டை அடியில் வைத்து, துளைக்குத் துளை பொருத்தி, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடலாம். தைத்த பிறகு எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

எண்ணித் தைப்பதில் ஆசையுள்ளவர்களுக்கு: பார்ஜெல்லோ

சாய்வுத் தையல் பழகியபின் ஒரு மாறுதல் வேண்டுமென்றால் பார்ஜெல்லோ இருக்கிறது. பிளாரன்ஸ் நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இந்த வகைத் தையலிட்ட நாற்காலிகள் இருப்பதால் வந்த பெயர். நான்கு குறுக்கிழைகளைத் தாண்டும் நேர்த் தையல். அடுத்த தையல் பக்கத்துத் துளையில் இரண்டு இழை மேலே தொடங்கும். ஐந்து ஏற்றம், ஐந்து இறக்கம் என்று போனால் மலைத்தொடர்போல ஒரு கோடு கிடைக்கும். அதன் அடியொற்றி அடுத்த வரிசை அடுத்த நிறச்சாயலில், இப்படி ஐந்து சாயல்.

நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போங்கள். முதல் வரிசையை இரண்டு முறை எண்ணிச் சரிபாருங்கள்; அதில் ஒரு படி தவறினால் அத்தனை வரிசையும் அந்தத் தவறைச் சுமக்கும். நேர்த் தையல் சாய்வுத் தையலைவிடக் குறைவாகவே மூடும். ஆகவே அதே டேபஸ்ட்ரி கம்பளிக்கு 10க்குப் பதில் 12 அல்லது 14 எண் கேன்வாஸ் எடுங்கள்.

நேர்ப்படுத்துதல்

பாஸ்கெட்வீவில் தைத்தாலும் முடிந்த வேலை கொஞ்சம் கோணித்தான் இருக்கும். கேன்வாஸில் ஏற்றிய கஞ்சி ஈரத்தில் இளகி, காயும்போது மறுபடி விறைக்கும். அந்த இடைவெளியில் சதுரத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

ஒரு பிளைவுட் பலகையின் மேல் வெள்ளைத் துணி விரித்து, நனைந்தாலும் ஊறாத பேனாவால் 8 அங்குலச் சதுரம் துல்லியமாக வரைந்துகொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஈரத்துணியை அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஈரப்படுத்தாமல், நீராவி இஸ்திரிப்பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். இறங்காவிட்டால் பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, ஸ்பிரே பாட்டிலால் சீராக நனையுங்கள். நனைந்தால் போதும், நீர் சொட்டக்கூடாது. எந்த மூலைவிட்டம் குட்டையாகிவிட்டதோ அதன் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். பிறகு நான்கு பக்கமும் நடுவில் ஒரு பின், அப்புறம் மூலைகள், அப்புறம் 2 செ.மீ.க்கு ஒன்று. தைத்த பகுதிக்கு வெளியே வெறும் கேன்வாஸில்தான் குத்த வேண்டும். பின்கள் துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ இருக்கட்டும். சாதாரண இரும்புப் பின் ஒரே இரவில் பழுப்புக் கறை விட்டுவிடும்.

வெயிலில் வைக்காமல், மின்விசிறியின் கீழ் படுக்கைவாட்டில் இரண்டு நாள் காயவிடுங்கள். மழைக்காலத்தில் மூன்று நான்கு நாள்கூட ஆகும். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் கம்பளியின் உள்ளே ஈரம் நிற்கும். அவசரப்பட்டுப் பின்னை எடுத்தால் மறுபடி கோணும். ஒரு முறையில் நேராகாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம், தவறில்லை.

உறையாக்குதல்

தைத்த பரப்பின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் வெளியே, வெறும் கேன்வாஸில் சுற்றிலும் மெஷினில் இரண்டு ஓட்டு ஓட்டி, அதற்கு வெளியே உள்ளதை வெட்டுங்கள். பின்பக்கத்துக்குக் கனமான பருத்தியோ வெல்வெட்டோ எடுத்து, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து மூன்று பக்கம் தையுங்கள். தையல்கோடு கடைசிக் கம்பளி வரிசைக்கு ஓர் இழை உள்ளே போக வேண்டும். சரியாக விளிம்பில் தைத்தால் திருப்பியதும் வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப்பார்க்கும். மூலைகளில் தடிமனைக் குறைக்கச் சாய்வாக வெட்டுங்கள். உள்ளே 9 அங்குலத் திண்டு வைத்தால்தான் உறை விம்மி நிற்கும். இலவம் பஞ்சு அடைத்துத் தைத்த சிறு திண்டு இந்த அளவுக்கு அருமையாகப் பொருந்தும். நான்காவது பக்கத்தைக் கையால் மறைதையல் போட்டு மூடுங்கள்.

படமாக மாட்டுவதானால் பசை போட்டு ஒட்டாதீர்கள். அமிலமற்ற அட்டையின் மேல் மடித்து, முதுகில் உறுதியான நூலால் எதிரெதிர் ஓரங்களை மாறிமாறி இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடி போட்டால் அது கம்பளியில் ஒட்டாதபடி சுற்றிலும் மெல்லிய பட்டை வைக்கச் சொல்லுங்கள்; ஒட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீரில் முக்கித் துவைக்க வேண்டாம். கஞ்சி கரைந்து வடிவம் போய்விடும். மாதம் ஒரு முறை வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, குறைந்த வேகத்தில் தூசியை எடுத்தால் போதும். நேர் வெயில் படும் ஜன்னலோரத்தைத் தவிருங்கள். எடுத்துவைக்கும்போது மடிக்காமல், தைத்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றிவையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்துக் கறை விழும். கம்பளியை அந்துப்பூச்சி தேடி வரும். இருட்டில் அசையாமல் கிடக்கும் கம்பளி அதற்கு மிகவும் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து உதறி, அரை மணி நேரம் காற்றில் போட்டுவையுங்கள். மிச்சமான நூல்கண்டுகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும். அவற்றின் சீட்டைக் கழற்றாமல் வைத்திருந்தால், பின்னால் உறையில் எங்காவது தேய்ந்து திருத்த வேண்டி வரும்போது அதே நிறத்தையும் அதே தொகுதியையும் தேடி அலைய வேண்டியிருக்காது.